பின்சீட்டில் ஒரு பிரேக்

1

இந்தக் கதை முழுக்க என் சொந்தச் சரக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாராவது வந்து சட்டையைப் பிடித்தால் எனக்குப் பதில் சொல்ல வராது.

பஞ்சர் ஒட்டுவதற்காக என் மனைவி எங்கள் ஸ்கூட்டரை மெக்கானிக் கடையில் நிறுத்தியிருந்தாள். நான் ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, எதற்கும் உதவாமல், வழக்கம்போல நின்றேன். பக்கத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர். அதன் பின்சீட்டுக்குக் கீழே, உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளும் கம்பியில், ஒரு பிரேக் இருந்தது. முன்னால் கைப்பிடியில் இருக்குமே, அதே மாதிரி ஒன்று. அதிலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் பின்சக்கரத்துக்குப் போனது.

"என்னங்க இது, பிரேக் இங்க வந்து உக்காந்திருக்கு?" என்று கேட்டேன்.

"அதுவா? டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரோட பொண்ணு வண்டி. பின்னாடி உக்கார்ற அவருக்காக மாட்டினது" என்றார் மெக்கானிக். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்னொருவர் ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மெக்கானிக் அந்தப் பக்கம் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாஸ்டரை நான் பார்த்ததில்லை, மகளையும் பார்த்ததில்லை. அந்தப் பிரேக் மட்டும் நிஜம். மிச்சமெல்லாம் நான் கட்டிவிட்டது.*

* இதைப் படித்துவிட்டு உங்கள் வண்டியில் யாரும் இப்படி ஒரு பிரேக்கை மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்புறம் நான் பொறுப்பில்லை.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு இது:

"அன்று காலை சூரியன் வழக்கத்தைவிட—" வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

"சுதந்திரம் என்பது இரண்டு சக்கரங்களின் மேல்—" எழுதும்போதே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"மாஸ்டருக்குப் பிரேக் இல்லாத இடத்தில் உட்காரத் தெரியாது." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவருடைய காரில் ஓட்டுகிறவரின் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக். அந்த வட்டாரத்தில் ஓட்டத் தெரிந்த பாதிப் பேர் அவர் காலை நம்பித்தான் பழகினார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் சும்மா கிடக்காது. பஸ்ஸில் போனால் முன்சீட்டின் அடியை மிதிப்பார். டிவியில் யாராவது காரில் யாரையாவது துரத்தினால் டீப்பாய் நகர்ந்துவிடும். அவருடைய மனைவி டீப்பாயைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டார்.

அவருடைய பள்ளியில் ஒரு விதி உண்டு. ஒரு முழுச் சவாரி, போய்த் திரும்பி வரும்வரை, மாஸ்டர் தன் பிரேக்கைத் தொடாமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வாய்த்தால்தான் மாணவரைத் தேர்வுக்கு அனுப்புவார். எவ்வளவு பெரிய மனிதர் வந்து சிபாரிசு செய்தாலும் இதில் மட்டும் மசிய மாட்டார். சிலருக்கு அந்த நாள் சீக்கிரம் வரும். ஒரு பல் டாக்டர் இன்னமும் காத்துக்கொண்டிருக்கிறார்.

3

மகளை வீட்டில் 'ஹாரன்' என்று கூப்பிடுகிறார்கள். தொட்டிலில் கிடந்த காலத்தில் அவள் அழுத அழுகைக்கு அப்பா வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

[முதல் வரைவில் ஹாரனுக்கு வயது பதினாறு. "லைசென்ஸ் உங்க தாத்தாவா குடுப்பாரு?" என்று என் மனைவி கேட்டாள். பேனாவை எடுத்து ஒரே கீறலில் இரண்டு வயதை ஏற்றிவிட்டேன். ஹாரன் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை. கல்லூரியில் சேரும் வயது அவளுக்கும் சௌகரியம்தான்.]

அவளுக்காக வாங்கிய பழைய ஸ்கூட்டர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடமிருந்து வந்தது. முன்பக்கத் தகட்டில் அவர் ஒட்டியிருந்த விளம்பரத்தில் கடைப் பெயரும் மற்றதும் உரிந்துவிட்டன. மூக்குக்கண்ணாடிப் படம் மட்டும் அப்படியே இருந்தது. பார்த்தால் வண்டியே கண்ணாடி போட்டுக்கொண்டு பாடம் படிக்கப் போவதுபோல இருக்கும். ஹாரனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சாவியைக் கையில் வாங்கியவள் அதை வைத்துவிட்டுச் சாப்பிடக்கூட உட்காரவில்லை.

"ஓட்டிப் பாக்கட்டுமாப்பா?"

"இரு. ஒரு சின்ன வேலை இருக்கு."

அந்தச் சின்ன வேலைக்குத்தான் மாஸ்டர் மெக்கானிக்கிடம் போனார். வேண்டியதைக் காகிதத்தில் படம் போட்டே எடுத்துப் போனார்.

"மாஸ்டர், இந்த மாதிரி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"அதனாலதான் ரோட்டுல இத்தனை பேர் விழுறாங்க" என்றார் மாஸ்டர்.

லைசென்ஸ் தேர்வில் ஹாரன் எட்டு போட்டாள், கால் ஊன்றாமல் போட்டாள், அட்டையும் கைக்கு வந்துவிட்டது. மாஸ்டருக்கு அதெல்லாம் பத்தாது. "கவர்ன்மென்ட் விட்டாலும் நான் விடணும்ல" என்றார். அவருடைய விதி வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அப்பா பின்சீட்டில் உட்காருவார். ஒரு சவாரி முழுக்க அவர் பிரேக்கைத் தொடாமல் வீடு திரும்ப வேண்டும். அதன் பிறகு ஹாரன் தனியாகப் போகலாம்.

கல்லூரி திறப்பது திங்கட்கிழமை. அதற்குள் நடக்காவிட்டால்?

"நானே கார்ல கொண்டு போய் விடறேன்" என்றார் மாஸ்டர்.

அந்தக் காரின் கூரையில் 'டிரைவிங் ஸ்கூல்' என்று இரண்டடி உயரத்தில் மஞ்சள் போர்டு இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் சிவப்பு எழுத்தில் 'பழகுகிறார், விலகிச் செல்லவும்'. முதல் நாள் கல்லூரி வாசலில் அந்தக் காரிலிருந்து இறங்கினால், படித்து முடிக்கும்வரைக்கும் அவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று ஹாரன் யோசித்துப் பார்த்தாள்.

4

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது.

வெட்கம் ஒன்றும் இல்லை. முதலில் அப்பாவின் பின்னால், அப்புறம் அண்ணனின் பின்னால், நண்பர்களின் பின்னால், இப்போது மனைவியின் பின்னால். உட்கார்ந்தே தலை நரைத்துவிட்டது. பின்சீட்டைப் பற்றி என்னிடம் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மேடு வருவதை ஓட்டுகிறவரின் தோளைப் பார்த்தே சொல்வேன். ஆனால் கைப்பிடியை முறுக்கினால் உள்ளங்கையில் என்ன தெரியும் என்று கேட்டால் முழிப்பேன். அதனால்தானோ என்னவோ, ஹாரனின் கதை என்று எழுத உட்கார்ந்தாலும் கதை நழுவி நழுவி மாஸ்டர் மடியில் போய் விழுகிறது.

என் முதல் வாசகியும் மனைவிதான். தினமும் காலையில் என்னை வேலையில் கொண்டுபோய் விடுகிற வழியில், பின்னாலிருந்து அவள் ஹெல்மெட்டுக்குள் கதையை ஊதிக்கொண்டே வருவேன். சிக்னலில் வண்டி நிற்கும்போது தீர்ப்பு வரும்.

5

முதல் சவாரி. ஹாரன் முன்னால், மாஸ்டர் பின்னால், அவர் வலக்கை கம்பியில். வண்டி வாசலைத் தாண்டியது. மாஸ்டர் பிரேக்கைப் பிடித்தார்.

"ஏம்ப்பா? ரோடு காலியாத்தானே இருக்கு?"

"காலியா இருக்கிற ரோட்டைத்தான் நம்பக் கூடாது."

தெருமுனையில் பிடித்தார். தபால் பெட்டி அருகே பிடித்தார். ஒரு நாய், அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது, எழுந்தால் என்ன செய்வது என்று பிடித்தார். வண்டி விக்கல் எடுத்துக்கொண்டே தெருவைக் கடந்தது. துணி தேய்க்கும் கடையில் இருந்தவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

மறுநாள் ஹாரன் மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். "இவ்வளவு மெதுவாப் போனா பின்னாடி வர்றவன் இடிப்பான்" என்று பிடித்தார். விளையாட்டு மைதானத்துக்குப் போனார்கள். ஆள் இல்லை, சுவர் இல்லை, மரம்கூடத் தள்ளித்தான் இருந்தது. ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. பிடித்தார்.

"அப்பா, நீங்க வேணும்னே பண்றீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. நான் பிடிக்கல, கை பிடிக்குது."

அவர் பொய் சொல்லவில்லை. ஹாரனுக்கும் அது தெரிந்தது. வேண்டுமென்றே செய்தால் சண்டை போடலாம். இந்தக் கையோடு எப்படிச் சண்டை போடுவது? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுகையும் கோபமுமாகக் கொட்டினாள்.

"நான் பிரேக் போடறதுக்கு முன்னாடியே அவர் போட்டுடறாரும்மா. நான் நல்லா ஓட்டறேனா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியல."

அம்மா வீட்டின் முன்னறையில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறார். ஒரு வாடிக்கையாளரின் புருவத்தை நூலால் திருத்திக்கொண்டிருந்தார். நூல் வாயில் இருந்ததால் பதில் சொல்லவில்லை. மண்டையை மட்டும் ஆட்டினார்.

6

ஹாரனைக் கொண்டுபோய் மூலையில் நிறுத்திவிட்டேன். இப்போது எப்படி வெளியே எடுப்பது? மூன்று வழி யோசித்து, மூன்றையும் பின்சீட்டிலிருந்து சொன்னேன்.

(அ) யாருக்கும் தெரியாமல் ஹாரன் கேபிளைக் கழற்றிவிடுகிறாள்.

முதல் சிக்னலில் மனைவி திரும்பினாள். "அவ அப்பனை ஏமாத்துற பொண்ணா? அப்படி எழுதினீங்கன்னா உங்களை இங்கயே இறக்கி விட்டுருவேன்."

(ஆ) மாஸ்டர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, கையில் மாவுக்கட்டு—

"பாவம் அந்த மனுஷன். உங்களுக்கு முடிவு கிடைக்கலைங்கறதுக்காக அவர் கை ஒடியணுமா?"

(இ) பின்சீட்டில் மாஸ்டர் தூங்கிவிடுகிறார்.

இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. கண்ணை மூடிய அப்பா, அவர் தலை மகளின் தோளில், மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறாள். எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டிக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, அவர் பஸ்லயே தூங்க மாட்டாருன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அப்படி எழுதலையே. முன்சீட்டை மிதிப்பார்னுதான் எழுதினேன்."

"மிதிச்சுக்கிட்டே தூங்குவாரா?"

பச்சை விழுந்துவிட்டது. நல்ல வேளை.

"அவ அம்மாவை ஏன் சும்மா உக்கார வச்சிருக்கீங்க?" என்றாள், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "புருஷன் கையை அவளைவிட யாருக்குத் தெரியும்?"

7

ஞாயிற்றுக்கிழமை. பார்லருக்குப் புதுக் கண்ணாடி வேண்டும் என்கிறார் அம்மா. முகம் பார்க்கிற கண்ணாடி, சட்டம் போட்டது, இடுப்பளவு உயரம். கடையில் தயாராக இருக்கிறதாம்.

"கார் சர்வீஸுக்குப் போயிருக்கே, சாயங்காலம்தானே வரும்" என்றார் மாஸ்டர்.

"ஸ்கூட்டர் இருக்கே. அவ ஓட்டட்டும், நீங்க பிடிச்சுக்குங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க. ஒரு கீறல் விழுந்தாக்கூட வீட்டுப் பக்கம் வராதீங்க."

[இது அம்மாவின் திட்டமா, தற்செயலா? நான் தீர்மானிக்காமல் விட்டிருந்தேன். "இதுல தீர்மானிக்க என்ன இருக்கு?" என்றாள் என் மனைவி.]

கடையில் சுற்றித் தரக் காகிதம் தீர்ந்துபோயிருந்தது. [கண்ணாடிக் கடையில் காகிதம் தீராது. எனக்காகத் தீர்ந்தது.] ஹாரனின் முதுகுக்கும் மாஸ்டரின் நெஞ்சுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தினார்கள். அதன் பின்புறம் மகளைப் பார்த்தபடி, முகம் பார்க்கும் பக்கம் அப்பாவைப் பார்த்தபடி. இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் இறுக்கிக்கொண்டார் மாஸ்டர். அவருக்கு எதிரே ரோடு இல்லை. மகளின் தலை இல்லை. அவரே இருந்தார்.

இனி என் ஏரியா. கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

வண்டி நகர்ந்தது. வலக்கை கம்பியைத் தேடித் துடித்தது. விட்டால் கண்ணாடி போய்விடும், கண்ணாடி போனால் வீடு போய்விடும். விடவில்லை. முதல் திருப்பம் வருகிறது என்று வழக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டார். கண்ணாடியில் இருந்த ஆளுக்குப் புருவம் ஏறியது, வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. மாஸ்டருக்குத் திக்கென்றது. இந்த மூஞ்சியையா பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பல் டாக்டர் ஓட்டப் பழகுகிறார்?

ஒன்றும் ஆகவில்லை. வண்டி சாய்ந்தது, நிமிர்ந்தது. கண்ணாடியில் அவர் தோளுக்குப் பின்னால் அந்தத் திருப்பம் தெரிந்தது, சிறிதாகிக்கொண்டே போனது.

அப்போதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. கண்ணாடியில் வருவது எல்லாமே கடந்து வந்தவை. ஒரு பஸ் தெரிந்தது. இதை எப்போது முந்தினாள்? ஒரு சைக்கிள்காரர் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தார். கைத்தடியோடு ஒருவர் ரோட்டைக் கடந்து முடித்துச் செருப்பை உதறிக்கொண்டிருந்தார். அவருக்காக வண்டி நின்றதா? நின்றிருக்கும். அவள் பிரேக் போட்டது இவருக்குத் தெரியவே இல்லை. கண்ணாடி ஒரு நூல்கூட அசையவில்லை.

அதே நாய் வந்தது. அதே இடத்தில் தூங்கியது. மெல்லப் பின்னால் போய்விட்டது.

கடைசித் தெருவில் மாஸ்டர் எதிரே இருந்த ஆளைப் பார்த்தார். புருவம் இறங்கியிருந்தது. அந்த ஆளுக்குக் கொஞ்சம் வயதும் ஆகியிருந்தது.

"வந்தாச்சுப்பா."

"எங்க?"

"வீட்டுக்குத்தான். இறங்குங்க."

அம்மா ஓடி வந்து முதலில் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. பிறகு கணவரைப் பார்த்தார். "எத்தனை தடவை பிரேக் பிடிச்சீங்க?"

ஹாரன்தான் பேசினாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இது கணக்குல வராதும்மா. அவர் கை காலியா இல்ல. விதின்னா விதிதான். நாளைக்கு நான் கார்லயே போய்க்கறேன்."

[இந்த வரியை நான் யோசித்து வைக்கவில்லை. எழுதி முடித்த பிறகு பேனாவை வைத்துவிட்டேன். எனக்கு ஹாரனை அப்போதுதான் பிடித்தது என்று சொல்ல வேண்டும்.]

மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பிரேக்கைத் தொடக் கூடாதுங்கறதுதான் விதி. கை காலியா இருக்கணும்னு நான் எங்க சொன்னேன்?"

"அப்பா—"

"எத்தனை பேரைப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். எனக்கு ஓட்டத் தெரிஞ்ச ஆளைத் தெரியாதா? நல்லா ஓட்டறே நீ. நான்தான் பாக்கவே இல்ல." வண்டியிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "நாளைக்கு நேரத்தோட கிளம்பு. முதல் நாள் லேட்டாப் போகாத."

8

இனி எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஹாரன் தனியாகப் போக வேண்டும். நாலைந்து நாளாக உட்கார்ந்து பார்த்தேன்.

"காற்று அவள் முகத்தில்—" எல்லோரும் எழுதுகிற காற்று.

"அவள் மனம் பறவையாய்—" அடித்துவிட்டேன்.

வேறு வழி இல்லாமல் இன்று காலை மனைவியிடமே கேட்டேன். அலுவலக வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "பின்னாடி யாரும் இல்லாம ஓட்டும்போது எப்படி இருக்கும்?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உங்களை இறக்கி விட்டப்புறம் நான் தினமும் தனியாத்தானே போறேன். இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்கணும்னு தோணிச்சா?"

"சரி, இப்ப சொல்லு. கதைக்கு வேணும்."

"சொல்ல மாட்டேன்" என்று சிரித்தாள். "அந்த ரோடு என்னோடது."

கிளம்பிவிட்டாள். வழக்கமாக நான் உடனே திரும்பி உள்ளே போய்விடுவேன். இன்று நின்று பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் முதுகு நிமிர்ந்தது. தலையை லேசாக ஆட்டினாள். பாடுகிறாளோ? எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

9

திங்கட்கிழமை காலை. ஹாரன் வண்டியைக் கிளப்புகிறாள். பின்சீட்டில் ஆள் இல்லை. அங்கிருந்த பிரேக் இன்னும் மாட்டியபடியே இருக்கிறதா, கழற்றியாகிவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். அன்று மெக்கானிக் கடையில் அந்த வண்டி எதற்கு நின்றது, பிரேக்கைக் கழற்றவா, வேறு ரிப்பேருக்கா என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு எது தோன்றுகிறதோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கையசைக்கிறார். மாஸ்டர் அசைக்கவில்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறார். நான் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வண்டி தெருவின் கடைசிவரை போகிறது, ஒரு நொடி நிற்கிறது, இரண்டு பக்கமும் பார்க்கிறது, திரும்புகிறது. அதற்கு அப்புறம் அவள்—

அதற்கு அப்புறம் என்னால் முடியாது. பின்னால் உட்கார்ந்து பார்த்து வந்து சொல்ல அங்கே ஆள் இல்லை. கூட வருகிறேன் என்று நான் தொற்றிக்கொண்டால் அவள் போவது தனியாக ஆகாது.

வண்டி ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் அது தெரியும். எங்களிடம் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. ஓட்டத் தெரியாதவர்கள் இப்படி வாசலுக்கு வந்து நில்லுங்கள், இடம் இருக்கிறது. மாஸ்டருக்கு இப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் திரும்பி வருகிறவரை யாராவது அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் நல்லது.